வைக்கோல் தாளும் மின்னூலும்

மாங்கேணிக்குத் தெற்கே, வாழைச்சேனையில், ஒரு காகித ஆலை உண்டு. 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய அரசாங்க ஆலை அது. சூடடித்து முடிந்த வயல்களில் எஞ்சும் வைக்கோல் அதற்கு மூலப்பொருளாயிற்று. நெல்லை உண்டோம், வைக்கோலில் எழுதினோம். எம் தந்தையார் இளமையில் அங்கே கூலி வேலைக்கு நின்றவர். வெட்டும்போது கழிந்துபோகும் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊசியும் நூலும் கொண்டு தைத்து, எம் மூத்தோருக்குக் கொப்பி செய்து கொடுப்பாராம். அவற்றுள் ஒன்றை நாம் கண்டிருக்கிறோம். பழுப்பு நிறத் தாள். வெளிச்சத்திற் பிடித்தால் உள்ளே வைக்கோற் கீற்றுகள் தெரியும். மைப்பேனாவால் எழுதினால் மை ஊறி மறுபக்கத்தில் வந்து நிற்கும். அக்கொப்பியில் எம் தமையனார் ஆத்திசூடி எழுதிப் பழகினார்.

1977இல் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் அகலத் திறந்துவிடப்பட்டன. மலிவான வெளிநாட்டுக் காகிதம் வந்து குவிந்தது. பின்னர்ப் போர் மூண்டது. இயந்திரங்கள் மூப்படைந்தன. ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்த ஆலை படிப்படியாக ஓய்ந்தது. கழிவுத்தாளைக் கொண்டு அதனை மீள இயக்கும் முயற்சிகள் அண்மை ஆண்டுகளில் நடந்தன. பழைய நாளின் முழக்கம் மட்டும் திரும்பவில்லை. 2022 மார்ச்சில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது காகிதம் இறக்குமதி செய்யவும் வழியில்லாமற் போயிற்று. மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் தாளின்மையால் ஒத்திவைக்கப்பட்டன. கொழும்பின் நாளிதழ்கள் இரண்டு தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. காகித ஆலையை அண்டையில் வைத்துக்கொண்டு, நாம் வினாக்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவரைப் பார்த்து எழுதச் செய்தோம்.

அந்நாட்களிலேதான் மின்னூல் பற்றிய பேச்சு ஆசிரியர் அறைகளில் மிகுந்தது. “இனிக் காகிதம் எதற்கு? எல்லாம் கைத்தொலைபேசியில் வந்துவிட்டதே” என்றார் நண்பர் ஒருவர். வந்ததென்னவோ உண்மை. 1980 முதல் அச்சிட்டு இலவசமாக வழங்கப்பட்டுவரும் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இன்று இணையத்திலும் இட்டுவைத்திருக்கிறது. ஆனால் 2020இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் கண்டது வேறு. எம் மாணவர் பலரின் வீட்டில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி. அது தந்தையோடு கடலுக்குப் போய்விடும். காலையில் நாம் அனுப்பிய பாடம், தந்தை வலை தெரிந்து, மீனை விற்று, வாடியிலிருந்து வீடு திரும்பும்போது அவரது சட்டைப்பையில் இருந்தபடியே வீட்டுக்கு வரும். பிள்ளை அதனைத் திறக்கையில் இரவு எட்டு மணியாகியிருக்கும். காசு முடிந்திருந்தால் அன்றும் இல்லை.

மின்னூல் வந்தது, காகிதம் மடிந்தது என்று கொண்டாடுவார் ஒருசாரார். மின்னூல் நூலே அன்று, அதில் மணமில்லை, தொட்டுணர ஒன்றுமில்லை என்று வருந்துவார் மற்றொருசாரார். இவ்விரு சாராரோடும் எமக்கு வழக்கில்லை. எனினும் இருவரும் ஓலை, தாள், திரை என்று எழுதப்படும் பொருளையே பார்த்து நிற்கின்றனர் என்பது எம் கருத்து. தமிழ் நூல்களின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், நூலைக் காத்தது எக்காலத்தும் படியெடுத்த கையே என்பது தெளிவாகும்.

ஓலைச்சுவடியின் ஆயுள் மிக நீண்டால் சில நூறு ஆண்டு. ஈரமும் கறையானும் மலிந்த எம் கரையோரத்தில் அதனினும் குறைவு. சங்கப் பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டைக் கடந்து வந்தது எந்த ஓலையின் வலிமையாலும் அன்று. தலைமுறைதோறும் எவரோ ஒருவர் பழைய ஏட்டை அருகில் வைத்துக்கொண்டு புதிய ஏட்டில் எழுத்தாணியாற் கீறினார். அவர் பெயரை நாம் அறியோம். சில இடங்களிற் பிழையாகவும் கீறினார். அப்பிழைகளைப் பற்றிப் பாட்டுக்கு உரை எழுதுவோர் இன்றும் சண்டையிடுகின்றனர். படியெடுப்பவர் இல்லாத நூல், எத்துணைச் சிறந்ததாயினும், மண்ணாயிற்று.

மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி கோயில்களில் வைகாசித் திங்களில் கண்ணகி வழக்குரை படிக்கப்பெறும். ஏடு கோயிலுக்குரியது, படிப்பவர் மரபுரிமை உடையவர், கேட்பவர் ஊரார். இவ்வாறு ஏட்டில் வாழ்ந்த அக்காவியத்தைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் பதிப்பித்து 1968இல் அச்சில் வெளிவரச் செய்தார்கள். அதற்கு முன்னரே, 1962இல், எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்திருந்தார்கள். இவ்விருவரின் உழைப்பு இல்லையேல் எம் நாட்டின் பழங்கதையைப் பேசுவதற்கு நமக்கு ஆதாரம் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே மற்றொன்றையும் மறைக்காமற் சொல்லுதல் கடன். ஏடு எவர் வீட்டுப் பேழையில் இருந்ததோ அவர் கையில் ஊரதிகாரமும் இருந்தது. குலவரிசையும் கோயிலுரிமையும் எழுதப்பட்ட ஏட்டை எல்லோரும் விரித்துப் பார்க்க விடுவாரா? அச்சு வந்தபோது அந்தப் பேழையின் பூட்டும் சற்றுத் தளர்ந்தது.

அச்சும் தானாக மக்களிடம் வந்துவிடவில்லை. தமிழ் எழுத்து 1578இலேயே கொல்லத்தில் அச்சேறியது. ஆனால் நெடுங்காலம் அச்சுக்கூடம் பாதிரிமாரிடமும் ஆட்சியாளரிடமுமே பெரும்பாலும் இருந்தது. இந்தியாவில் அச்சகத்தின் மீதிருந்த கட்டுகள் 1835இலேதான் தளர்த்தப்பட்டன. யாழ்ப்பாணத்தில் மிசனரிமார் 1841இல் உதயதாரகையை வெளியிட்டனர். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். சாதி பற்றிய நாவலரின் நோக்கோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் எதிராளியின் கருவியை எடுத்துத் தன் கருவியாக்கிக்கொண்ட அச்செயல் பெரிது. அவர் வழியில் வந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சிட்டார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளிக்கொணர்ந்தார். ஓலைகள் அழிவதைக் கண்டு மனம் பதைத்து ஓடிய ஓட்டம் அது. அவர்கள் அச்சிட்டபின் அந்நூல்களின் தனி ஏடு ஒன்று எரிந்தாலும் பாட்டு எரியாது என்ற நிலை பிறந்தது.

இதனை நெருப்பு மெய்ப்பித்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா என்ற தனியொருவரின் ஆர்வத்தால் முளைத்து, ஊராரின் காசால் வளர்ந்து, 1959இல் தன் புதிய கட்டடத்தில் திறந்துவைக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் இரவு சீருடையினரும் குண்டர்களும் யாழ் நகரிற் புகுந்து தீ வைக்கத் தொடங்கினர். ஈழநாடு நாளிதழின் பணிமனை எரிந்தது, புத்தகக்கடை எரிந்தது, நூலகமும் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுட் பல, வேறு நூலகங்களிலும் வீடுகளிலும் உடன்பிறப்புகளை உடையவை. அவை பின்னர்த் தேடிச் சேர்க்கப்பட்டன. ஆனால் ஓலைச்சுவடிகளும், கையெழுத்துப் படிகளும், இருநூறு முந்நூறு பிரதி மட்டுமே அச்சிடப்பட்ட உள்ளூர் வெளியீடுகளும், பழைய செய்தித்தாள்களும் ஒன்றேயான உயிரை உடையவை. அவை போயின போயினவே. நூலகத்தை எரித்தவர்கள் எழுத்தறிவு இல்லாதவர் என்று சிலர் ஏளனம் செய்வர். எதை எரித்தால் ஒரு மக்கட் கூட்டத்திற்கு வலிக்கும் என்பதை அவர்களை ஏவியவர் நன்கு அறிந்திருந்தனர்.

வடக்கில் நெருப்புச் செய்ததைக் கிழக்கிற் காற்றும் நீரும் செய்தன. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தபோது எத்தனை பாடசாலை அலுமாரிகள் மழையில் ஊறின என்பதைக் கணக்கிட்டவர் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் எம் ஊருக்குள் வந்தது. எமக்கு அப்பொழுது வயது பதினைந்து. உயிர் பிழைத்தோர் உயிர் போனவரைத் தேடிய அந்நாளிற் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது நாணத்தக்கது. பின்னர்ப் பல நாள் சென்றபின், எம் வீட்டு றங்குப் பெட்டி மணலிற் புதைந்திருந்தது கிடைத்தது. உள்ளே தந்தையார் மட்டக்களப்பு நகரில் வாங்கிவந்து பொன்போல் வைத்திருந்த நூல் ஒன்று இருந்தது: பண்டிதர் கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’, 1964ஆம் ஆண்டுப் பதிப்பு. தொட்டதும் களியாகக் கையில் ஒட்டியது. அதன் அடியில் இருந்தது தமையனாரின் வைக்கோற் கொப்பி. அதில் ஒட்டுவதற்கும் ஒன்றுமில்லை. தந்தையார் இரண்டையும் வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தார். இரண்டு ஆண்டு கழித்துப் போர் வாகரைப் பக்கம் திரும்பியபோது அந்த வேலியையும் விட்டுவிட்டு ஓடினோம்.

வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகத்திற் பயின்ற நாளில், கணினி அறையொன்றில் அமர்ந்து, தேடுகிறோம் என்ற எண்ணமும் இல்லாமலே அந்நூலின் பெயரைத் தட்டினோம். நூல் வந்து நின்றது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இட்டிருந்தனர். அன்று வகுப்புக்குப் போகவில்லை. மாலை வரை அதனைப் படித்தோம். படித்தோம் என்பதைவிடப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே பொருந்தும்.

அதனை அங்கே இட்டவர்கள் ‘நூலகம்’ திட்டத்தார். 2005இல், அதாவது கடல் பொங்கிய மறு ஆண்டில், தன்னார்வ இளைஞர் சிலர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காக்க முனைந்து தொடங்கிய வேலை அது. அதற்கு முன்னோடி உலகில் இல்லாமல் இல்லை. 1971இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் தம் நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைக் கணினியில் தட்டெழுதியதே மின்னூலின் தொடக்கம் என்பர். கூட்டன்பெர்க் திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. தமிழில் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் விஞ்ஞானியாகப் பணிபுரிந்த கு. கல்யாணசுந்தரம் அதனை வழிநடத்தினார். பல நாடுகளிற் சிதறிக் கிடந்த தமிழர், பகலில் வயிற்றுக்காக ஒரு வேலை பார்த்து, இரவிலே தமக்குப் பிடித்த நூலை எழுத்தெழுத்தாகத் தட்டினர். வேறொருவர் பிழை பார்த்தார். ஊதியம் இல்லை. பழைய ஏடெழுதுவோரின் வழித்தோன்றல்கள் இவர்களே. ஒரு வேறுபாடு உண்டு: இவர்களின் பெயர்கள் மின்னூலின் முகப்பிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அவ்வேலையிலும் இடர் இல்லாமலில்லை. அக்காலத்திற் கணினித் தமிழுக்கு ஒரு குறியேற்றம் இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. இலங்கையில் ‘பாமினி’ பரவிற்று. பாமினியில் எழுதியதைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் குவிந்து கிடக்கும். அவ்வாறு எழுதி வைத்த கட்டுரைகள் இன்றும் பழைய வட்டுகளிற் படிக்க ஆளின்றிக் கிடக்கின்றன. ஒருங்குறியின் முதற் பதிப்பில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது நம் மேசைக்கு வந்துசேரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. செல்லரித்த ஏட்டைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். எழுத்துரு தொலைந்த கோப்பை அப்படிப் படிக்க முடியாது. மின்னூல் அழியாதது என்று மேடையில் முழங்குவோர் இதனைச் சற்று நினைக்க வேண்டும்.

ஈழத்திற் புத்தகம் போடுவதென்பது பெரும்பாலும் எழுத்தாளன் தன் காசில், சில சமயம் மனைவியின் நகையில், சில நூறு பிரதி அச்சிட்டு, நண்பர்க்கு வழங்கி, மீதியைக் கட்டிலுக்கடியில் அடுக்கிவைப்பதாகும். டொமினிக் ஜீவா 1966இற் தொடங்கிய ‘மல்லிகை’யைத் தாமே கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். அவ்விதழ்களை இன்று ‘நூலகம்’ தளத்தில் எம் மாணவன் காசு கொடாமற் படிக்கலாம். இப்படிப்பட்ட மின்படிகளைப் புரட்டுகையிற் சிலவற்றின் முதற்பக்கத்தில் யாரோ ஒருவரின் கையொப்பமும் வாங்கிய நாளும் தெரியும். சில வரிகளின் கீழே பென்சிற் கோடு இருக்கும். நாம் அறியாத அவர் அந்நூலைப் போர்க்காலம் முழுவதும் எங்கெங்கோ தூக்கிச் சென்று, இறுதியிற் படியெடுக்கக் கொடுத்திருக்கிறார். அந்தப் பென்சிற் கோட்டைக் காணுந்தோறும் எமக்குப் பாடத்தைவிட அதுவே பெரிதாகப் படுகிறது.

இனி, கடைக்காரரின் மின்னூலுக்கு வருவோம். 2016இல் அமேசான் நிறுவனம் தன் கிண்டிலிற் தமிழ் நூல்களையும் விற்கத் தொடங்கியது. பதிப்பாளரின் வாசலிற் காத்து நிற்காமல் எழுதியவன் தானே வெளியிடலாம் என்பது நல்லதே. அதனாற் சிறிது பணம் கண்ட எழுத்தாளரும் உளர். ஆனால் அங்கே நாம் வாங்குவது நூலன்று. படிக்கும் அனுமதி மட்டுமே. 2009 சூலையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். விற்கும் உரிமை இல்லாத ஒருவர் ஏற்றிய பிரதி என்று காரணம் காட்டி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அந்நிறுவனம் ஒரு நாவலைத் தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்பு மன்னிப்பும் கேட்டது. அழிக்கப்பட்டது ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’. எழுதியதை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அரசைப் பற்றிய கதை! பாடத்திற்காக அதனைப் படித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவன் ஒருவன் குறித்துவைத்திருந்த குறிப்புகளும் அதனோடு பயனற்றுப்போயின. யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரிக்க ஒரு படை வேண்டியிருந்தது. இங்கே ஒரு விசை போதுமாயிற்று. அதே ஆண்டில் யாகூ நிறுவனம் தனது ‘ஜியோசிட்டீஸ்’ இலவச மனைகளை மூடியபோது, உலகெங்கும் எளிய மக்கள் கட்டியிருந்த பக்கங்கள் அந்த இடத்தில் இல்லாமற் போயின. பிறர் நிலத்திற் கட்டிய குடிசை எந்நாள் வரை நிற்கும் என்பதை எம் மீனவர் வாடிக்காரரிடம் கேட்டாற் சொல்வர்.

உரிமைச் சட்டமும் நம்மைச் சுற்றி வளைக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டு வரை பதிப்புரிமை நிலைக்கும். எழுத்தாளன் உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. எனினும் மறுபதிப்பும் காணாமல், உரியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் தெரியாமல் கிடக்கும் நூலை எழுபது ஆண்டு பூட்டி வைப்பதால் எவருக்குக் கூலி கிடைக்கிறது? பாரதியாரின் எழுத்துரிமையை 1949இற் சென்னை அரசாங்கம் வாங்கிப் பின்னர் அதனை மக்களுக்கே பொதுவாக்கியது. அது போன்றதொரு செயல் இங்கே ஈழத்து எழுத்தாளர் எவருக்கும் நடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

சென்ற ஆண்டு அயற்கிராமம் ஒன்றில் முதிய அண்ணாவியார் ஒருவரிடம் சென்றோம். வடமோடிக் கூத்தொன்றின் கொப்பி அவரிடம் இருந்தது. அவர் தகப்பனார் கைப்பட எழுதியது; சூறாவளியிலும், கடலிலும், இடப்பெயர்விலும் தப்பியது. வேறெங்கும் பிரதி இல்லை. எம்முடன் உயர்தர வகுப்பு மாணவிகள் இருவர் கைத்தொலைபேசியோடு வந்திருந்தனர். படமெடுத்துப் பொதுவில் இட அனுமதி கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “மனே, கொப்பியத் தாறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. மறுகா ஆரு வேணுமெண்டாலும் எடுத்து ஆடுவாங்களே, அதுக்குப் பிறகு அண்ணாவி எதுக்கு?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கொப்பியே அவருடைய மதிப்பு. ஆண்டுக்கொரு களரியில் அவருக்கு வெற்றிலை வைத்து வணங்குவதன் காரணம். அதை வாங்கி உலகத்துக்கெல்லாம் பொதுவாக்குவதாக நாம் பெருமை பேசும்போது, அவரிடம் எஞ்சுவது எது என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. விடை சொல்லத் தெரியாமல் எம் வீட்டு றங்குப் பெட்டியின் கதையைச் சொன்னோம். தமையனாரின் கொப்பியைப் பற்றியும் சொன்னோம். மாணவிகளில் ஒருத்தி, “தாத்தா, தாளக்கட்டெல்லாம் கொப்பியில் இல்லையே. அத நீங்க ஆடிக்காட்டினாத்தானே எங்களுக்கு விளங்கும்?” என்றாள். கிழவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்று சனிக்கிழமைகள் சென்றோம். கொப்பியை எவர் கையிலும் அவர் தரவில்லை. வாசலிற் பாய் விரித்து, வெயில் சாயும் பக்கமாக அமர்ந்து, ஒவ்வோர் ஒற்றையையும் தாமே புரட்டி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதனால் எல்லாப் பக்கங்களின் ஓரத்திலும் அவருடைய பெருவிரல் விழுந்திருக்கிறது. அதனை வெட்டி நீக்கலாமா என்று மாணவி கேட்டாள். இருக்கட்டும் என்றோம்.